ஆசிரியரும் ஊராக்கமும்: ஒடுகத்தூரும் சவ்வாது மலையும் காட்டும் வரலாறு

கானா நாடு 1957-ஆம் ஆண்டில் விடுதலை எய்தியது தொடங்கி, ஆப்பிரிக்க நாடுகள் பல ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கிலேயர், பிரெஞ்சியர் ஆட்சியினின்றும் நீங்கின. அவை யாவும் முதற்கண் எதிர்கொண்ட வினா ஒன்றே. பல மொழியும் பல குலமும் விரவிய மக்களை ஒரு நாட்டினராக்குவது எங்ஙனம்? சாலையும் கிணறும் மருத்துவமும் காணாத ஊர்களை முன்னேற்றுவது எவரைக் கொண்டு? விடை தேடிய தலைவர் பலரும் கை நீட்டிச் சுட்டியது ஊர்ப் பள்ளி ஆசிரியரையே. தாங்கனீக்கா நாட்டின் முதல் தலைவர் சூலியசு நைரேரே தாமே ஒரு பள்ளி ஆசிரியர். பூகு என்னுமிடத்துப் பள்ளியிற் கற்பித்துவந்த அவர், அரசியலா ஆசிரியத் தொழிலா என்ற நிலை நேர்ந்தபோது 1955-இல் வேலையைத் துறந்தார். ஆயினும், நாட்டுத் தலைவரான பின்னரும் மக்கள் அவரை 'முவாலிமு' என்றே அழைத்தனர். சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்கு ஆசிரியர் என்பது பொருள்.

இதே வினா நம் நாட்டிலும் எழுந்தது. இதே விடையும் கூறப்பட்டது. அவ்விடை எங்கே பலித்தது, எங்கே பலிக்காமற் போயிற்று என்பதைத் தமிழகத்தின் ஒரு சிறு வட்டாரத்தினின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். வேலூருக்குத் தென்மேற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றை ஒட்டி அமைந்த ஒடுகத்தூரை அதற்கெனத் தேர்ந்துகொண்டோம். பெருநகரமும் அன்று, புகழ் பெற்ற திருத்தலமும் அன்று. மலையும் நிலமும் கூடும் வாயில் என்பதே அதன் சிறப்பு. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையால் அக்கம்பக்கத்தார் அதனை நன்கறிவர். மலைமீதுள்ள பீஞ்சமந்தை முதலிய ஊரார்க்குக் கடைத்தெருவும் வண்டி ஏறுமிடமும் இவ்வூரே. கீழே நின்று மேலே நோக்கினால் இருவகைத் தமிழகத்தையும் ஒருங்கே காணலாம்.

முதலில் சொல்லாராய்ச்சி சிறிது செய்தல் வேண்டும். ஆசிரியர் என்ற சொல் சங்கப் புலவர் பெயர்களிலேயே வழங்குகின்றது. பாலாசிரியன், இளம்பாலாசிரியன் என்ற அடைகள் சிறார்க்குக் கற்பித்தோரைச் சுட்டுவன எனக் கொள்ளலாம். நக்கீரர், மதுரைக் கணக்காயனார் மகனார் எனக் குறிக்கப்பெறுகின்றார். கணக்கு என்பது எழுத்தையும் எண்ணையும் ஒருங்கு குறித்த சொல்லாதலின், ஊரார்க்கு ஓலை எழுதவும் வரவு செலவு கணிக்கவும் வல்லவரே கணக்காயராய் விளங்கியிருத்தல் வேண்டும். ஆகவே, ஆசிரியர் பள்ளிக்குள் அடங்கியவரல்லர், ஊர்ப்பணியாளர் என்ற கருத்து நமக்கு மேலைநாட்டார் தந்ததன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறினார். ஆசிரியராகாதார்க்கு அவர் கூறிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து சென்று அயலார் முற்றத்திற் காய் உதிர்ப்பது அது. இவ்வுவமையை நம் மாணவர் தேர்வுக்காக மனனம் செய்வதோடு விட்டுவிடுகின்றனர். கல்வித்துறை வரலாற்றிற்கு இதனினும் பொருத்தமான உவமை வேறில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

திண்ணைப் பள்ளிகளின் பரப்பினை அறியச் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். அவற்றைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர், மக்கள்தொகை 1,28,50,941. அஃதாவது ஏறத்தாழ ஆயிரம் பேர்க்கு ஒரு பள்ளி. இக்கணக்கைக் கொண்டு பண்டைக் கல்வி பொற்காலம் என்பாரும் உளர். அறியாமைக் காலம் என்பாரும் உளர். இரண்டும் மிகையே. கணக்கிற்குள் வந்தோர் யாவர், வாராதோர் யாவர் என்று வினவுவார்க்கு விடை எளிது. பெண்மக்கள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு ஆட்பட்டோர்க்குத் திண்ணையிலும் இடமில்லை. மலைவாழ்நர் அப்பேச்சிலேயே இல்லை.

எனினும், திண்ணை ஆசிரியர்க்கும் ஊரார்க்கும் இருந்த பிணைப்பினை மறுத்தற்கில்லை. அவர்க்குச் சம்பளம் தவசமாகவும் காய்கறியாகவும் வந்தது. மகாநவமிக் காலத்தில் மாணாக்கர் கோலாட்டக் கோலுடன் வீடுவீடாகப் பாடிச் சென்று ஆசிரியர்க்குக் காசு ஈட்டித் தந்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்னும் நூலில் தம் இளமைப் பள்ளி வாழ்க்கையைக் கூறுமிடத்து இவ்வழக்கங்களைக் காணலாம். சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பிக்கும் முறையினைச் சென்னை எழும்பூரில் கண்ட ஆண்டுரு பெல் பாதிரியார், அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று 'சென்னை முறை' என்ற பெயராற் பரப்பினார். நம்மிடமிருந்து சென்ற சரக்கு, பின்னர் அயல்நாட்டு முத்திரையுடன் நமக்கே திரும்பி வந்தது தனிக்கதை.

ஊராரை நம்பி வாழ்ந்த அவ்வாசிரியர், ஊராரின் கட்டுக்கும் அடங்கியவர். எவரைத் திண்ணையில் அமர்த்தக்கூடாது என்று ஊர்ப் பெரியவர் கருதினரோ, அவரை அமர்த்த அவரால் இயலாது. இந்தத் தளையினை வட ஆர்க்காட்டில் முதன்முதல் தளர்த்தியவை சமயப் பரப்பாளரின் சிற்றூர்ப் பள்ளிகளே. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினர், குறிப்பாக இசுகடர் குடும்பத்தார், 1853-இல் அமைத்த ஆர்க்காடு மிசன் சேரிகளிற் பள்ளி வைத்தது. அங்கே ஆசிரியரே உபதேசியார். மனு எழுதுபவரும், காய்ச்சலுக்கு மருந்து தருபவரும், வழக்கில் துணை நிற்பவரும் அவரே. அவர்தம் நோக்கம் சமயம் பற்றியது என்பது வெளிப்படை. ஆயினும், ஆசிரியர் ஒருவர் ஓர் ஊரின் தாழ்ந்த பகுதியிற் குடியிருந்து அப்பகுதியார்க்காகப் பேசத் தலைப்பட்டது அப்போதுதான். பின்வந்த அரசுத் திட்டங்கள் இந்த 'உடன் குடியிருத்தல்' என்ற ஒன்றை எழுத்தளவிற் போற்றின, செயலளவில் மறந்தன.

மொழிவழி ஒற்றுமைக்கு ஆசிரியர் உழைத்த வரலாற்றிற்கும் இவ்வட்டாரத்தின் வடபால் ஒரு சான்று உண்டு. அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்திற் பிறந்த மங்கலங்கிழார், குருவராசப்பேட்டையை இடமாகக் கொண்டு, தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கிய திருத்தணி, சித்தூர்ப் பகுதி ஊர்களில் தமிழ் கற்பித்தார். 1941-இல் அறநெறித் தமிழ்ச் சங்கம் கண்டார். பள்ளி இல்லாத ஊர்களில் தொகையற்ற வகுப்பு நடத்தி, கற்றாரைக் கொண்டே மேலும் பலர்க்குக் கற்பிக்கச் செய்தார். ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியபொழுது, அங்கே கேட்கும் செவிகள் இருந்தமைக்கு இவ்வாசிரியர் முன்னரே உழுது வைத்த நிலமே காரணமாகும். மங்கலங்கிழார் 1953-இல் மறைந்தார்; திருத்தணி 1960-இல் தமிழகத்துடன் இணைந்தது. அவர்க்கு அரசு ஆணை ஏதுமில்லை, படிக்காசு இல்லை, மேலாய்வாளர் இல்லை. இதனை நினைவிற் கொண்டு அடுத்த பகுதியை நோக்குதல் நலம்.

விடுதலைக்குப் பின் 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. சென்னை மாகாணத்தில் 1946-இலேயே பிர்க்கா வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் இதற்கு முன்னோடி இருந்தது. புதிய திட்டத்தின் கருவியாக அமைந்தவர் கிராம சேவகர் என்னும் அலுவலர். உழவு, கால்நடை, நலவாழ்வு, கூட்டுறவு அனைத்தையும் ஒருவரே பல ஊர்கட்கு எடுத்துச்சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் அவர் ஓடிக் களைத்தார். 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, மக்கள் பங்கு கொள்ளாமையே குறை என்று கண்டு, பொறுப்பை ஊராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்குமாறு பரிந்துரைத்தது. அதற்கிணங்கச் சென்னை ஊராட்சிச் சட்டம் 1958-இல் இயற்றப்பெற்று, பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின; மாவட்டக் கழகத் தொடக்கப் பள்ளிகள் யூனியன் பள்ளிகளாயின.

இவ்விடத்தில் தமிழகம் பிற மாநிலங்களினின்றும் வேறுபட்டது. இங்கே சமுதாய வளர்ச்சியின் உயிர்நிலை கிராம சேவகரிடம் அன்று, தொடக்கப் பள்ளி ஆசிரியரிடமே அமைந்தது என்பது எம் துணிபு. இதற்கு முதற்காரணர் இருவர். 1954-இல் முதலமைச்சரான காமராசர் ஒருவர். அவ்வாண்டிலேயே பொதுக்கல்வி இயக்குநராய் அமர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு மற்றவர். இராசாசி 1953-இல் கொணர்ந்த அரைநாட் பள்ளித் திட்டம் குலத்தொழிற் கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அவர் ஆட்சியினின்று விலகுதற்கும் காரணமாயிற்று. அதனால் ஊர்ப் பள்ளி என்பது அன்று அரசியலின் நடுவே நின்ற பொருளாயிருந்தது. படித்து வேலையற்றிருந்த இளைஞர்க்கு உதவ மைய அரசு அளித்த பணத்தைக் கொண்டு ஓராசிரியர் பள்ளிகள் பல திறக்கப்பட்டன.

1956-இல் பகலுணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. இது முதலில் முற்றும் அரசுச் செலவில் நடந்ததன்று. ஓருணவுக்குப் பத்துக் காசு எனக் கணித்து, அரசு ஆறு காசும் ஊரார் நான்கு காசும் ஏற்பதெனப் பின்னர் வகுத்தனர். நான்கு காசினைத் திரட்டியவர் யாவர்? ஆசிரியர்தாம். அறுவடைக் காலத்திற் களத்துமேட்டிற்குச் சென்று நெல்லும் கேழ்வரகும் பெற்று வந்தனர், விறகு கேட்டனர், பாத்திரம் கேட்டனர். ஒரே பந்தியில் எல்லாச் சாதிக் குழந்தைகளையும் அமர்த்துதற்கு எழுந்த முணுமுணுப்பை நேர்நின்று கேட்டவரும் அவரே. ஒற்றுமையைப் பற்றி மேடையிற் பேசுவதினும் அப்பந்தியை நாள்தோறும் நடத்துவது கடினம். அப்பணி செய்தோர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இதனினின்று கிளைத்ததே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958-இல் முதல் மாநாடு கூடியது. அதன் நடைமுறையினைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஏனெனில் இன்று அதனை அறிந்தோர் அருகிவிட்டனர். முதலில் ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் தம் பள்ளிக்கு வேண்டுவனவற்றைப் பட்டியலிட வேண்டும். கூரைக்கு ஓடு, சுவர்க்குச் சுண்ணாம்பு, கரும்பலகை, நாட்டுப்படம், சுவர்க்கடிகாரம், குடிநீர்ப் பானை, விளையாட்டிற்குப் பந்து, கிணற்றிற்குச் சுற்றுச்சுவர் என அப்பட்டியல் நீளும். ஒவ்வொன்றிற்கும் விலை குறிக்க வேண்டும். பின்னர், துணை ஆய்வாளர் உடன்வர, ஆசிரியர் வீடுவீடாகச் சென்று இன்னாரால் இன்னது இயலும் எனக் கேட்பார். பணமுடையார் பணம் தருவர். தச்சர் கூலியின்றிப் பலகை செய்வர். வண்டியுடையார் மணல் அடிப்பர். ஏதுமிலார் ஒருநாள் உழைப்பினை ஈவர். இவ்வளவும் முடிந்த பின்னரே மாநாடு. மாநாட்டிற் செய்வது நன்கொடையை அறிவித்தலும் ஏற்றலுமே. பணம் அரசுக் கருவூலத்திற்குச் செல்லாது. ஊர்ப் பள்ளிக்கே செல்லும். தாம் வாங்கித் தந்த கடிகாரம் ஓடுகின்றதா என்று நாள்தோறும் எட்டிப் பார்க்கும் ஊரார், ஆசிரியர் வந்தாரா என்பதையும் உடன் பார்ப்பர். மேற்பார்வைக்கு இதனினும் சிறந்த முறையை எந்த ஆணையமும் கண்டதில்லை.

இவ்வியக்கத்தினைப் போற்றுவார் பலர். ஆனால், அதன் அடித்தளத்திலேயே ஒரு குறை இருந்தது என்பதைக் கூறாமல் விடலாகாது. ஊராரின் ஈகையால் நடப்பது, ஈயும் ஆற்றலுடைய ஊரிலேயே நடக்கும். காவிரிப் படுகையிலும் பாலாற்றங்கரையிலும் நிலக்கிழார் ஒருவர் நினைத்தால் ஒரு கட்டடம் எழும். புன்செய் ஊரில் பானை வரும், கட்டடம் வாராது. மலையூரில்? அங்கே நன்கொடைப் பட்டியலைப் படிப்பதற்கே ஆளில்லை. ஒடுகத்தூரினின்று மேலே நோக்கினால் இயக்கத்தின் எல்லைக்கோடு தெளிவாகப் புலப்படுகின்றது. அஃது அடிவாரத்தில் நின்றுவிட்டது.

மலையின் வரலாறோ பழைமையானது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்குச் சேயாற்றை ஒட்டிய மலைவழியினையும் அவ்வழியில் வாழ்வோர் விருந்தோம்பலையும் விரித்துரைத்தார். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். சவ்வாது மலையின் தென்சாரலை அடுத்தது. அங்குக் கிடைத்த நடுகற்கள் 1972-இல் நூல்வடிவு பெற்றன. பல்லவர் காலத்து ஊர்ப்பூசல்களையும் நிரை மீட்டலையும் அவை காட்டுகின்றன. எனவே, இம்மலைப்பகுதி நாட்டு வரலாற்றிற்குப் புறம்பாய் என்றும் இருந்ததன்று.

இம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கொண்டு இவரைக் கேரளத்தாரென மயங்குவார் உளர், அது பிழை. மலையை ஆள்வோர் என்னும் பொருட்டாகிய தமிழ்ப் பெயர் அது; பேசுவதும் தமிழே. தாம் காஞ்சிப் பகுதியினின்று ஏறியவர் என்பது அவர்தம் மரபுரை. வட ஆர்க்காடு மாவட்ட நூலும், 1909-இல் தர்சுடன் வெளியிட்ட குலவரலாற்று நூலும் ஒரு கதை கூறும். கங்குந்தி வேடர் கவர்ந்து சென்ற மகளிரை மீட்க வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வரின் தாம் மாண்டதாகக் கொள்க என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாறு பெருகியபோது நாய்கள் அஞ்சி வீடு திரும்பின. மனைவியர் கைம்மைச் சடங்கு செய்துகொண்டனர். வென்று மீண்ட எழுவரும் உயிருடனிருந்தும் ஊர்க்கு இறந்தோராயினர். வேட மகளிரை மணந்து மலையேறினர் என்பது அக்கதை. கதையின் உண்மை எவ்வாறாயினும் ஆகுக. கீழ்நாட்டார் தம்மை இல்லாதவராகக் கணக்கிட்டுவிட்டனர் என்ற உணர்வு அதனுள் உறைந்து கிடக்கின்றது.

சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளியும் தேனும் கடுக்காயும் திரட்டி, ஊர்க் கவுண்டர், நாட்டார் என்ற தம் தலைவர் வழி நின்று வாழ்ந்த இம்மக்களை, 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் காட்டின் விளிம்பிற்குத் தள்ளியது. விடுதலைக்குப் பின் வட ஆர்க்காட்டு மலையாளிகள் பட்டியற் பழங்குடியினராயினர். வனத்துறையும் பழங்குடியினர் நலத்துறையும் பள்ளிகளும் உண்டுறை விடுதிகளும் தொடங்கின. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பழங்குடியினர் துணைத்திட்டம் வந்தது. இடையில், காவலூரில் விண்மீன் நோக்கும் நிலையம் அமைந்தது; 1986-இல் அங்கே பெருந்தொலைநோக்கியும் நிறுவப்பெற்றது. வானத்தைக் காணத் தக்க மலையெனத் தேர்ந்த அறிஞர்க்கு அதன் இருள் நன்மையாயிற்று. அவ்விருளிலேயே எழுத வேண்டிய சிறார்க்கு அவ்வாறன்று.

மலைப்பள்ளியின் இடர்ப்பாடு கட்டடத்தைப் பற்றியது மட்டுமன்று. மக்கள்தொகையை அளவுகோலாகக் கொண்டு பள்ளி திறக்கும் விதி, நிலத்தூர்க்குப் பொருந்தும். மலையிலோ பத்து வீடு இங்கே, பதினைந்து வீடு ஓடைக்கு அப்பால் எனச் சிதறிய குடியிருப்புகள். ஆசிரியர் நிலத்தவர், வாரத்தின் தொடக்கத்தில் ஏறி, முடிவிற்கு முன்னரே இறங்குவார். மழைக்காலத்தில் ஏறவே இயலாது. இதற்கு ஆசிரியரை மட்டும் பழிப்பது நேரிதன்று. குடியிருக்க வீடில்லை, சாலையில்லை, நோயுற்றால் மருத்துவமில்லை. அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு தீண்டிய குழந்தை ஒன்று இறந்தபோது, வண்டி மேலே செல்ல வழியின்மையால் தாயே உடலைச் சுமந்து நடந்தார் என்ற செய்தியை நாடறியும். இத்தகைய இடத்தில் தம் குழந்தைகளுடன் குடியேறுமாறு எந்த ஆசிரியரை வற்புறுத்த முடியும்?

மற்றொன்று வலசை. விளைச்சல் முடிந்ததும் பெற்றோர் குடகு, கேரளத் தோட்டங்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் செல்வர். பிள்ளைகளும் உடன் செல்வர். தொடர்ந்து வாராத பிள்ளையின் பெயர் பதிவேட்டினின்று நீக்கப்படும். திரும்பி வந்த பிள்ளை, மேற்கூறிய கதையின் எழுவரைப்போல், இருந்தும் இல்லாததாகும். கல்வி இல்லாதார் எங்குச் சென்று முடிவர் என்பதற்கு 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேசாசலக் காட்டில் நிகழ்ந்தது கொடிய சான்று. செம்மரம் வெட்டச் சென்றோர் எனக் கூறி ஆந்திரக் காவல்துறையாற் சுடப்பட்டு இறந்த தமிழர் 20 பேருள், சவ்வாது மலையும் அதன் சாரலும் சார்ந்தோர் பலர்.

இந்நிலையில் ஆப்பிரிக்க எடுத்துக்காட்டு நமக்கு ஒளி தரும். நைரேரே 1967-இல் அரூசா அறிவிப்பினை அடுத்து 'தற்சார்புக் கல்வி' என்ற அறிக்கையினை வெளியிட்டார். பள்ளி ஊரின் உழவிலும் உழைப்பிலும் பங்கு கொள்ள வேண்டும். சிலரை மட்டும் தேர்ந்து நகரத்திற்கு அனுப்பும் ஏணியாக இருத்தலாகாது என்பது அதன் கருத்து. பவணந்தியாரின் முடத்தெங்கு உவமையை இங்கே நினைக்க. சிற்றூர் தன் வியர்வையால் வளர்க்க, நகரத்தில் காய் உதிர்க்கும் கல்வியே அவர் கடிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கிய அந்நாட்டில் சுவாகிலியே தொடக்கக் கல்வி மொழியாயிற்று. 1974-இல் அனைவர்க்கும் தொடக்கக் கல்வி எனத் துணிந்தபோது பயிற்சி பெற்ற ஆசிரியர் போதவில்லை. அதனால், தொடக்கப்பள்ளி முடித்த இளைஞரையே தெரிந்தெடுத்து, அவர் ஊர்ப் பள்ளியிற் பணியாற்றிக்கொண்டே அஞ்சல்வழியும் வானொலிவழியும் பயிற்சி பெறச் செய்தனர். கற்பித்தலின் தரம் குன்றியது என்பது உண்மையே. ஆனால், ஆசிரியர் ஊரை விட்டு இறங்கிச் செல்லவில்லை. எத்தியோப்பியாவிலோ 1974 இறுதியில் ஏறத்தாழ 60,000 மாணவரையும் ஆசிரியரையும் படையாளர் அரசு ஊர்ப்புறங்கட்கு அனுப்பியது. ஆணையால் சென்ற அக்கூட்டத்துள் பலர் நிலக்கிழாருடனும் பின்னர் அரசுடனுமே மோதி, அவ்வியக்கம் சிதைந்தது. தான்சானியாவிலும் சிதறிய குடிகளை வலிந்து ஒருங்குசேர்த்த காலத்தில் மக்கள் மனம் கசந்தது. விரும்பி ஏற்ற பணியும் ஏவப்பட்ட பணியும் ஒன்றல்ல என்பதற்கு மங்கலங்கிழாரையும் இவற்றையும் அருகருகே வைத்து நோக்கலாம்.

நாட்டொருமைப்பாட்டிற்கு ஆசிரியரை ஏவிய முறையும் இங்கு ஆராயத்தக்கது. 1961-இல் சம்பூர்ணானந்தர் தலைமையில் உணர்ச்சி ஒருமைப்பாட்டுக் குழு அமைக்கப்பெற்றது. பைதிமர்ரி வேங்கடசுப்பாராவ் என்னும் தெலுங்கர் 1962-இல் எழுதிய உறுதிமொழி, 1965 சனவரி 26 முதற்கொண்டு நாடெங்கும் பள்ளிகளில் ஓதப்பட வேண்டுமென மையக் கல்வி ஆலோசனைக் குழு துணிந்தது. அதே நாளில்தான் இந்தி ஆட்சிமொழியாதலும் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்து மாணவர் வகுப்புகளை விட்டுத் தெருவிற்கு வந்தனர். ஒரே நாளில் ஒருமைப்பாட்டை ஓதுவிக்கவும் அதற்கு ஊறு நேர்ந்ததெனக் கொதித்த மாணவரை அடக்கவும் ஆசிரியர் ஏவப்பட்டார். ஓதுவித்தலால் ஒருமை உண்டாகும் என்று கருதியோர் அந்நாளின் பொருளை உணர்ந்தாரில்லை. பந்தியில் உடனிருந்து உண்டதும், ஒரே பாடநூலை ஒருங்கே எழுத்துக்கூட்டியதும் ஆக்கிய ஒற்றுமையோ, எவராலும் அறிவிக்கப்படாமலே வேர்கொண்டது.

ஆசிரியர்மீது சுமத்தப்பட்ட பிற பணிகளை எண்ணின் முடிவிராது. குடிக்கணக்கு, தேர்தல், சிறுசேமிப்பு, குடும்பநலம் என ஒவ்வொரு துறையும் ஆளில்லாதபோது ஆசிரியரையே நாடியது. யூனியன் தலைவர்க்கு இணங்காதார் மாற்றப்படுதலும் நிகழ்ந்தது. இவற்றிற்கு எதிராக அமைப்பு வழி நின்று போராடியதன் பயனாக, 1981 சூன் 1 முதல் பஞ்சாயத்து யூனியன் ஆசிரியர் அரசு ஊழியராயினர். இது நீதியே, ஐயமில்லை. ஆனால், அன்றே ஊரார்க்கும் பள்ளிக்கும் இருந்த கடைசிக் கயிறும் தளர்ந்தது என்று கூறுவோரை முற்றும் மறுக்கவும் எம்மால் இயலவில்லை. 2003-இல் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியரும் ஊழியரும் பெருந்தொகையாக நீக்கப்பட்டபோது, அவர்க்காக எழுந்து பேசிய ஊர்கள் சிலவே. பள்ளிச் சீரமைப்புக் காலமாயின் அவ்வாறு நேர்ந்திருக்குமோ என்பது சிந்திக்கத்தக்கது.

இடைப்பட்ட காலத்தில் ஒருமுறை அப்பழைய பிணைப்பு மீண்டும் தளிர்த்தது. 1991-92-இல் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்தில் ஆசிரியர் பலர் தம் விருப்பால் இறங்கினர். தொண்டர்கள் தெருவிளக்கடியிற் கற்பித்தனர். கல்லுடைக்கும் மகளிர் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அப்போதே. அங்கும் ஆட்சியர் ஆணை இருந்தது. ஆயினும், ஆணைக்கு முன்னே ஆர்வம் சென்றது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக் குடிக்கணக்கு, பேரிடர் நீக்கம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த பிற வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என விதிக்கின்றது. ஊரெல்லாம் ஆசிரியரின் களம் என்ற 1950-களின் கொள்கையினின்று சட்டம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பதற்கு இப்பிரிவே அளவுகோல். நிலத்தூர் ஆசிரியர்க்கு இது காப்பாகும். மலையூரிலோ நிலைமை வேறு. அங்கே சாதிச் சான்றிற்கு மனு எழுதுவதும், வலசை செல்லும் பெற்றோரிடம் பேசிப் பிள்ளையை விடுதியில் இருத்துவதும், காய்ச்சலுற்றவரைக் கீழே கொண்டுசெல்ல வண்டிக்குச் சொல்லி அனுப்புவதும் கற்பித்தலினின்று பிரிக்கவொண்ணாதன. பிள்ளை பள்ளியில் இருந்தாலன்றோ பாடம் நடத்துவது?

மலையிற் பிறந்து, உண்டுறைப் பள்ளியிற் படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இன்று மலையூர்களில் உளர். அவர்க்குத் தம் ஊர்ப் பள்ளியில் முன்னுரிமை அளிப்பதும், பள்ளியை ஒட்டி ஆசிரியர்க்கு வீடு கட்டித் தருவதும் அரசாணைக்கு அரிய செயல்களல்ல. தொலை குடியிருப்புப் பிள்ளைகளின் பெயரை வலசைக் காலத்தில் நீக்காது, திரும்பும் நாள்வரை பதிவேட்டில் வைத்திருக்கும் அதிகாரத்தை அவ்வாசிரியர்க்கே விட்டுவிடலாம். 1958-இல் கடம்பத்தூர் ஆசிரியரிடம் தேவைப் பட்டியல் கேட்டதுபோல் மலையாசிரியரிடமும் ஒரு பட்டியல் கேட்டால், அதில் முதலில் நிற்பது கடிகாரமாயிராது. ஒடுகத்தூரினின்று மேலே செல்லும் வழியாகவே இருக்கும். அதற்கு மேல்தான் கரும்பலகையும் ஓடும்.